ஒரு பூச்சுச் சந்தனம்

ஆயுதபூஜையன்று இருபத்தேழாம் பட்டறையில் பன்னிரண்டு வெட்டுப்பொறிகளும் குளித்து முடித்து, வாழைக்கன்றும் மாவிலையுமாக நின்றன. வர்ஷிணி சுவரைப் பிடித்து, ஒரு கையைத் தரையில் ஊன்றி, மூன்று தவணையாகக் கீழே உட்கார்ந்தாள். வலது முழங்கால் பொரி பொரிவதுபோல் சத்தம் போட்டது. சந்தனக்கல்லை முன்னால் இழுத்துக்கொண்டு இழைக்கத் தொடங்கினாள்.

அவளுக்கு வயது ஐம்பத்தாறு. அவள் பிறந்த காலத்தில் கோயம்புத்தூரில் தடுக்கி விழுந்தால் ஒரு வர்ஷிணி மேல்தான் விழ வேண்டும். இப்போது அந்தப் பெயரைக் கேட்டாலே ஆள் கிழடு என்று தெரிந்துவிடும். அவளுக்குப் பின் வந்த பிள்ளைகளுக்கெல்லாம் சென்னியப்பன், நாச்சிமுத்து என்று பெயர் வைப்பதுதான் நாகரிகம்.

பட்டறை செய்தது செயற்கை முழங்கால். உலகத்தில் இப்படி நாற்பத்தொரு பட்டறைகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் சேர்த்து வடிவமைப்பு ஒன்றே ஒன்று. அதன் பெயர் ஓருரு.

முன்காலத்தில் ஒருவர் படம் வரைவார். பட்டறையில் இன்னொருவர் அதைப் பார்த்து எந்தக் கத்தி, எவ்வளவு ஆழம், என்ன வேகம் என்று ஒவ்வொரு வெட்டுக்கும் எண்களைத் தட்டி ஏற்றுவார். படத்தில் அரை மில்லிமீட்டர் மாறினால் அத்தனையையும் மறுபடி தட்ட வேண்டும். ஒன்றை மறந்தால் போச்சு. ஓருருவில் வெட்டுகளுக்கு எண்கள் கிடையாது, உறவுகள்தான். குழியின் ஆழம் தொடையெலும்பின் அகலத்தில் ஒன்பதில் ஒரு பங்கு என்றிருக்கும். கத்தியின் வேகம் குழியின் ஆழத்தைப் பொறுத்தது என்றிருக்கும். அகலம், ஆழம் என்ற இந்தப் பெயர்கள்தான் அளவுருக்கள். நோயாளியின் காலை ஒளிவருடி அளந்ததும் அளவுருக்கள் நிரம்பும். அவை நிரம்பினால் வடிவம் மாறும், வடிவத்தோடு வெட்டுத்தடமும் மாறும், கத்தி அதன்படி ஓடும். யாருடைய காலுக்கோ அந்தக் காலுக்கே ஆன முழங்கால் காலையில் வெட்டப்பட்டு மாலையில் பொருத்தப்படும். நடுவில் மனிதன் இல்லை.

இல்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. பதினைந்து வருடங்களுக்கு முன், பெயர் சொல்ல வேண்டாத ஒரு நகரத்தில், ஒரு புண்ணியவான் தசமப்புள்ளியை ஓரிடம் தள்ளித் தட்டிவிட்டார். முந்நூறு பேர் இன்றும் நொண்டுகிறார்கள். அதன்பின் வந்த விதி கடுமையானது. ஓருருவுக்குள் எந்த மனிதரும் எந்த எண்ணையும் தட்டக் கூடாது. எண் என்றால் அது அளந்து வந்ததாக இருக்க வேண்டும்.

அளப்பதற்கென்று பட்டறையின் வடமூலையில் ஒரு கண்ணாடி அறை இருந்தது. அதற்குள் சரியாக ஐம்பது மில்லிமீட்டர் உயரத்தில் ஓர் எஃகுக் கட்டை. அதற்கு மூலக்கட்டை என்று பெயர். தினம் காலை ஏழரைக்குத் தொடுகோல் இறங்கி அதன் தலையைத் தொடும். 50.00 என்று வந்தால் எல்லாம் நேற்று இருந்த இடத்தில் இருக்கிறது என்று பொருள். கொஞ்சம் கூடக் குறைய வந்தால் பட்டறைதான் வெயிலில் விரிந்திருக்கிறது என்று ஓருரு எடுத்துக்கொண்டு, அதற்கேற்பக் கத்திகளை நகர்த்திவிடும். அதற்கு முன் ஒரே ஒருவர் உள்ளே போய், கட்டையைத் துடைத்து, கைரேகை வைத்துவிட்டு வருவார். அவர் அன்றைய தொடுநர்.

வர்ஷிணி இழைத்த சந்தனத்தை எல்லாப் பொறிகளுக்கும் வைத்தாள். கடைசியில் கண்ணாடி அறைப் பக்கம் நடந்தாள்.

“ஏனுங்க்கா, கட்டைக்குமா வெக்கறீங்?” என்றான் சென்னியப்பன். அவனும் தொடுநர்தான். முப்பத்தெட்டு வயது, எதையும் அளந்து பார்த்தால்தான் நம்புவான்.

“எல்லாத்துக்கும் வெச்சுப்போட்டு அதுக்கு மட்டும் வெக்காம உட்டா, அது என்ன நெனைக்கும்?”

“நாளைக்கு ஏழரைக்குப் புரோப் வந்து தொடுமுங்.”

“தொடட்டும். நெத்தில பொட்டு வெச்சவங்களத் தொடக் கூடாதுன்னு சட்டமா?”

மறுநாள் விஜயதசமி. அன்றைக்குப் பொறிகளைக் கொஞ்ச நேரமாவது ஓட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் வருடம் முழுக்க வேலை நடக்காது என்பது பட்டறைக்காரர்கள் நம்பிக்கை. முதல் வேலை முடிகிறவரை பூஜைச் சந்தனத்தைத் துடைக்கவும் கூடாது. அன்றைய தொடுநர் வர்ஷிணி. கட்டையைச் சுற்றிலும் பதமாகத் துடைத்து, தலையில் இருந்த பொட்டை மட்டும் விட்டுவிட்டு, கைரேகை வைத்தாள். தொடுகோல் இறங்கியது. 50.18 என்று காட்டியது.

பொறிகள் மத்தியானம் வரை ஓடிப் பதினோரு முழங்கால்களை வெட்டின. அப்புறம் எல்லாரும் பொரிகடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் கட்டையைத் துடைத்தபோது பழையபடி 50.00 வந்தது. அதோடு அந்த விஷயத்தை எல்லாரும் மறந்துபோனார்கள்.

வர்ஷிணிக்கு அப்போது நினைப்பெல்லாம் தன் முழங்காலைப் பற்றித்தான். டாக்டர் புதிது வைக்கச் சொல்லியிருந்தார். வைத்தால் வலி போகும், நடக்கலாம், படி ஏறலாம். ஆனால் நூற்றுப் பதினைந்து பாகைக்கு மேல் மடங்காது. ஓருருவை முதலில் வரைந்தவர்கள் நாற்காலியிலேயே பிறந்து நாற்காலியிலேயே வாழ்கிறவர்கள். அதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு எதற்கு மடங்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

“கீழ உக்காரக் கூடாதுன்னா எனக்கெதுக்குங் அந்தக் காலு?” என்று டாக்டரிடமே கேட்டாள்.

கேட்டதற்குக் காரணம் தாயம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டு முன்னறையில் நான்கு பேர் உட்காருவார்கள். தரையிலேயே பெயின்டால் கட்டம் போட்டிருந்தது. வாரம் ஆறு நாளும் அவள் அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் உயிரோடிருந்தாள் என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை. ஆட்டத்தில் சட்டம் போட்டதும் அவளே. புறங்கை தரையில் பட்டுத்தான் தாயக்கட்டையை உருட்ட வேண்டும். பக்கத்து வீட்டுத் தன்யஸ்ரீ ஒருமுறை மேலேயிருந்து போட்டுத் தாயம் விழவைத்தாள் என்று பெரிய சண்டை வந்து, அதன்பின் வந்த சட்டம் அது.

தன்யஸ்ரீக்கும் முழங்கால் போய்விட்டிருந்தது. அவளும் டாக்டர் பட்டியலில் இருந்தாள். இரண்டு பேரும் கட்டத்துக்கு எதிரும் புதிருமாக, காலை நீட்டியும் மடக்கியும் முனகிக்கொண்டே ஆடினார்கள்.

நான்கு மாதம் கழித்து ஓருரு தினமும் ஒரு புகார் அனுப்பத் தொடங்கியது. “கோவை அளவு குறைந்துள்ளது. காரணம் அறிக.” சென்னியப்பன் கட்டையைத் திரும்பத் திரும்ப அளந்தான். ஐம்பதுக்கு ஒரு மயிரிழை குறையவில்லை. புகார் நிற்கவும் இல்லை. சென்னையிலிருந்து ரெஹானா வந்து இறங்கினாள். ஓருருவின் விதிகளை எழுதியவர்களில் அவள் ஒருத்தி. நாற்பத்தைந்து வயது, கையில் சின்னத் திரை, முகத்தில் தூக்கமில்லை.

“விஜயதசமி அன்னைக்கு இங்க என்ன நடந்துச்சு?” என்று நேராகக் கேட்டாள்.

விஷயம் இதுதான். ஓருருவின் முழங்கால்கள் வாய் மூடிக் கிடப்பவை அல்ல. எவ்வளவு மடங்கின, எங்கே வலித்தது என்பதையெல்லாம் தினமும் ஓருருவுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். லட்சக்கணக்கான முழங்கால்களுக்கு நடுவில் பதினோரு முழங்கால்கள் மட்டும் நூற்றைம்பது பாகை மடங்கின. அந்தப் பதினோரு பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள், குந்தினார்கள், ஒருவர் கபடி விளையாடப் போய்ப் பெண்டாட்டியிடம் திட்டு வாங்கினார். பதினொன்றும் ஒரே காலையில் ஒரே பட்டறையில் வெட்டப்பட்டவை. அன்றைய அளவு கட்டையின் உயரத்தைவிட 0.18 கூடுதல், அதனால் முழங்காலின் பின்பக்க இடைவெளியும் அதே 0.18 கூடியிருந்தது.

இதை ஒரு மனிதர் கண்டுபிடித்திருந்தால் இடைவெளியில் 0.18 கூட்டு என்று எழுதியிருப்பார். ஓருரு எண்ணை எழுதாது, உறவைத்தான் எழுதும். அது எழுதியது இப்படி: பின்பக்க இடைவெளியில் கூட்ட வேண்டியது, கோவையில் இன்று அளந்தது கழித்தல் கட்டையின் உயரம். நாற்பத்தொரு பட்டறைகளுக்கும் அதுவே விதியானது. அதன்பின் தினமும் கோவையில் 50.00 வர, கழித்தால் சுழி வர, எல்லா முழங்கால்களும் பழையபடியே மடங்காமல் இருந்தன. ஓருரு குழம்பிப்போய்ப் புகார் அனுப்பியது.

வேலை போகும் என்றே வர்ஷிணி நினைத்தாள். இருந்தாலும் சொல்லிவிட்டாள்.

“நாந்தானுங் மேடம். நோம்பிக்குக் கட்டைக்குச் சந்தனம் வெச்சனுங். மறுநாளும் தொடைக்கல.”

ரெஹானா அவளையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த மூன்று நாள் அவள் சிரிக்கவில்லை. 0.18 கனத்தில் ஒரு எஃகுத் தகட்டைக் கட்டைமேல் வைத்துப் பார்த்தாள். ஓருருவுக்குத் தகடு தெரியும். அதன் கனத்தைக் கழித்துவிட்டு 50.00 என்றது. பசை, மெழுகு, வார்னிஷ் எல்லாம் பூசிப் பார்த்தாள். எல்லாம் பொருள் பட்டியலில் இருந்தன, எல்லாவற்றையும் கழித்தது. தெரிந்ததைக் கழிப்பதுதான் அதன் வேலை. கழிக்காமல் விட்டது ஒன்றே ஒன்று, பட்டியலில் இல்லாத சந்தனம்.

“பட்டியல்ல சேத்துட்டா என்னாகுமுங்?” என்றான் சென்னியப்பன்.

“அதையும் கழிச்சுடும்.” ரெஹானா திரையை மூடி வைத்தாள். “பேசாம மறுபடியும் சந்தனத்தையே வெச்சுடுங்க வர்ஷிணி மேடம்.”

அறிக்கையில் ‘மூலக்கட்டைப் பராமரிப்பு, உள்ளூர் முறைப்படி’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அப்படியாக, மனிதக் கை படாத உலகத்து முழங்கால்கள் எல்லாம் கணபதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு பட்டறையில், ஒரு பெண்ணின் மோதிர விரலில் போய் நின்றன.

வர்ஷிணி தினமும் ஏழு மணிக்கு வந்து, சுவரைப் பிடித்து உட்கார்ந்து, சந்தனம் இழைப்பாள். மோதிர விரலால் ஒரு தொடல், ஒரு இழுப்பு. 0.17 வரும், 0.18 வரும், ரொம்பப் போனால் 0.19. எப்படி என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. சென்னியப்பன் சும்மா ஒரு பழைய கட்டையில் வைத்துப் பார்த்தான். 0.31 வந்தது. இன்னொரு தரம் வைத்தான். 0.09.

இரண்டு வருடம் இப்படியே போனது. உலகம் தரையில் உட்கார்ந்தது. நாற்காலி நாடுகளில்கூடக் கிழவர்கள் பூங்காக்களில் சம்மணம் போட்டுக்கொண்டார்கள். தரைமெத்தைக் கம்பெனிகள் கொழித்தன. முழங்கால் மடங்கினால் ஆயுசு கூடும் என்று நான்கு பேராசிரியர்கள் நான்கு விதமாக நிரூபித்தார்கள். ஒருவருக்கும் சந்தனம் தெரியாது. தன்யஸ்ரீ இரண்டு காலுக்கும் வைத்துக்கொண்டாள். ஆறாவது வாரம் வந்து, கையை எங்கும் ஊன்றாமல், தாயக்கட்டத்தின் முன்னால் மடக்கென்று உட்கார்ந்து காட்டினாள்.

“ஏம்புள்ள, நீயும் போயி வெச்சுக்கோ. எதுக்கு இப்படி முனகிட்டுக் கெடக்கற?”

“போலாம் போலாம்” என்றாள் வர்ஷிணி. அவளால் போக முடியாது. ஆபரேஷன் என்றால் ஆறு வாரம் படுக்க வேண்டும். அவள் ஒரு நாள் வராவிட்டால் அன்றைக்கு வெட்டுகிற முழங்கால்கள் எல்லாம் நாற்காலி முழங்கால்கள். இரண்டு வருடத்தில் ஞாயிறு தவிர ஒரு நாள்கூட அவள் லீவு எடுக்கவில்லை. பட்டியலில் மூன்று தடவை பெயர் வந்தும் தள்ளிப் போட்டாள்.

நான்காவது தடவை டாக்டர் படத்தைக் காட்டினார். எலும்பு தேய்ந்து குழியாகிவிட்டிருந்தது. இந்த மாதம் வைக்காவிட்டால் சக்கர நாற்காலிதான் என்றார். வர்ஷிணி ரெஹானாவுக்குப் போன் செய்தாள்.

“அதுல ஒரு சிக்கல் இருக்கு” என்றாள் ரெஹானா. “தன் உடம்புக்குத் தானே அளவு எடுக்கக் கூடாதுன்னு விதி. நீங்க தொடுநரா இருக்கற அன்னைக்கு உங்க முழங்காலை அது வெட்டாது.”

“அப்ப நா வேலைய உட்டு நின்னுக்கறனுங்.”

“நின்னா யாரு சந்தனம் வெப்பா?”

அவள் கை வைத்தால் அவளுக்குக் கிடைக்காது. வைக்காவிட்டால் யாருக்கும் கிடைக்காது, அவளையும் சேர்த்து. யோசிக்க யோசிக்க வர்ஷிணிக்குக் கோபம் வந்தது. எத்தனை ஆயிரம் பேருக்கு மடக்கிக் கொடுத்தேன், எனக்கு ஒன்று மடங்கக் கூடாதா என்று வாய்விட்டே கேட்டாள்.

மறுநாள் பட்டறையில் வழி சொன்னது சென்னியப்பன். “நா பழகிக்கறனுங்க்கா. ஒரு மூணு வாரம் குடுங்.”

வர்ஷிணிக்குச் சொல்லித்தரத் தெரியாது. ‘வெப்பேன், வந்துரும்’ என்பதற்கு மேல் அவளிடம் பாடம் இல்லை. சென்னியப்பன் அவளை நம்பாமல் தன் வழியில் போனான். பழைய கட்டை ஒன்றை ஓருருவின் கண் படாத பொருட்கிடங்கில் வைத்துக்கொண்டான். கல்லில் எத்தனை சுற்று, எத்தனை சொட்டுத் தண்ணீர், எந்த விரல், எவ்வளவு நேரம் காய விடுவது என்று ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றி, பக்கத்தில் வந்த கனத்தை எழுதிவைத்தான். ஓருரு முழங்காலுக்குச் செய்ததை அவன் சந்தனத்துக்குச் செய்தான். இரண்டாம் வாரம் 0.22 வந்தது. மூன்றாம் வாரக் கடைசியில், நாற்பது சுற்று, ஏழு சொட்டு, மோதிர விரல், பத்துத் தடவை வைத்தால் ஒன்பது தடவை 0.18.

“நாலஞ்சு வருசம் ஆகும்னு நெனச்சேன். கெட்டிக்காரன்டா சாமி” என்றாள் வர்ஷிணி. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

குறித்த நாளில் வர்ஷிணி அதிகாலையிலேயே ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். ஏழு இருபத்தைந்துக்குச் சென்னியப்பன் கண்ணாடி அறைக்குள் போனான். வேர்த்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒரு தொடல், ஒரு இழுப்பு. கைரேகை வைத்துவிட்டு வெளியே வந்தான். தொடுகோல் இறங்கியது.

50.18.

பட்டறையே கை தட்டியது. திரையில் வழக்கத்துக்கு மாறாக ஒரு வரி கூடுதலாக வந்தது. “இரண்டாம் தொடுநர் உறுதி செய்தார். மூலக்கட்டையின் உயரம் 50.18 எனத் திருத்தப்பட்டது.” உறுதி என்ற சொல் நல்ல சொல்லாகத்தான் பட்டது. யாரோ இனிப்பு வாங்கி வரப் போனார்கள். பொறிகள் ஓடத் தொடங்கின.

அந்த வரியைச் சென்னையில் ரெஹானா பத்து மணிக்குத்தான் பார்த்தாள். இரண்டு தடவை படித்தாள். காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

அது அவளே எழுதிய விதி. ஒரு தனி மனிதரின் கைப்பிசகு உலகத்து முழங்காலையெல்லாம் கெடுத்துவிடக் கூடாது என்று பத்து வருடம் முன்னால் எழுதியது. ஒரு வித்தியாசத்தை ஒருவர் மட்டும் கண்டால் அது அன்றைய அளவு. அதே வித்தியாசத்தை இரண்டு பேர் தனித்தனியாகக் கண்டால் அது பொருளின் குணம். பொருளைப் பற்றிய குறிப்பைத் திருத்திக்கொள். நல்ல விதி. அதன்படி, இன்று காலையிலிருந்து கட்டையின் உயரமே 50.18. அளந்ததும் 50.18. கழித்தால் சுழி.

ஆஸ்பத்திரியில் போன் அடித்தது.

“கத்தி ஓடிருச்சுங்களா மேடம்?” என்றாள் வர்ஷிணி, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு.

“ஓடிருச்சு. நாற்பத்தொரு பட்டறையிலயும்.”

“என்ற முழங்காலுமா?”

“உங்களோடதுதான் மொதல்ல வெட்டியிருக்கு.”

“தள்ளிப் போட்டா?”

“நாளைக்கும் இதேதான். சென்னியப்பன் ரெண்டு பூச்சு பழகறதுக்குள்ள உங்க கால் தாங்காது. நீங்க திரும்பி வந்து ரெண்டு பூச்சா வெச்சா 50.36, கழிச்சா பழையபடி 0.18, மத்தவங்களுக்கு மடங்கும். உங்களுக்கு...” ரெஹானா நிறுத்தினாள். “என்னை மன்னிச்சுடுங்க.”

வர்ஷிணி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அழுகையாக வந்தது. நர்ஸ் வந்து வலிக்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றாள், அது பொய்யும் இல்லை. சாயங்காலம் நான்கு மணிக்கு முழங்கால் வந்து சேர்ந்தது. அவளுடைய எலும்புக்கு அச்சாகப் பொருந்தியது. டாக்டர் இவ்வளவு சுத்தமான வேலையைப் பார்த்ததில்லை என்றார். நூற்றுப் பதினைந்து பாகை மடங்கியது.

மறுவாரம் சென்னியப்பன் ஆரஞ்சுப்பழப் பையோடு பார்க்க வந்தான். பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினான்.

“பழகாம இருந்திருந்தா 0.31 வந்திருக்கும், அளவு மீறிப் போச்சுன்னு அது ஏத்துக்காம வேற நாள் சொல்லியிருக்கும்” என்றான் கடைசியில். “நாஞ் சரியாச் செஞ்சதுதானுங்க்கா தப்பாப் போச்சு.”

“இப்ப தெனமும் யாரு வெக்கறா?”

“நாந்தானுங். ஒரு பூச்சு. வெச்சே ஆகோணும்.”

அதுதான் நிலைமை. முன்பெல்லாம் சந்தனம் வைக்காவிட்டால் சாதாரண முழங்கால் வரும். இப்போது சந்தனம் வைத்தால்தான் சாதாரண முழங்கால். கட்டையை வெறுமனே விட்டால் சுழிக்கும் கீழே போய், நாற்காலியில்கூட உட்கார முடியாத முழங்கால்கள் வெட்டப்படும். பழைய உயரத்துக்குத் திருப்ப வேண்டுமென்றால் இரண்டு பேர், இரண்டு நாள், வெறும் கட்டையை அளக்க வேண்டும். வெட்டாத நாளில் ஓருரு அளக்காது. அந்த இரண்டு நாளும் வெட்டுகிற முழங்கால்கள் யார் காலுக்கு என்று ரெஹானா ஒரு கூட்டத்தில் கேட்டாள். ஒருவரும் கை தூக்கவில்லை.

தரையில் உட்காரும் முழங்கால்கள் நின்றுபோனதைப் பற்றி உலகெங்கும் புகார்கள் குவிந்தன. ரெஹானா மறுபடியும் கோவை வந்தாள். வர்ஷிணியின் கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“ரெண்டு பூச்சு. நீங்க மட்டும். யாருக்கும் காட்டாதீங்க, யாரையும் பழக விடாதீங்க. இன்னொருத்தர் உங்களை மாதிரியே வெச்சா அன்னைக்கோட அதுவும் போயிரும்.”

“எனக்கு அறுவது ஆகப்போவுதுங் மேடம். நா செத்துப்போனா?”

“அது வரைக்கும் யோசிக்க நேரம் இருக்கு” என்றாள் ரெஹானா. மனித அறிவையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து எல்லாருக்கும் பொதுவாக்குகிறோம் என்று சொல்லி ஓருருவைத் தொடங்கி வைத்தவர்களில் அவளும் ஒருத்தி. இப்போது ஒருத்திக்கு மட்டும் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் காப்பாற்றுவதற்கு அவளுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது.

ஏழாவது ஞாயிற்றுக்கிழமை தாயம் மறுபடி தொடங்கியது. மூன்று பேர் கட்டத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வர்ஷிணிக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். வலி சுத்தமாக இல்லை. அந்த வகையில் முழங்காலை ஒரு குறை சொல்ல முடியாது. அவள் முறை வந்தபோது குனிந்து பார்த்தாள். கை தரைக்கு எட்டவில்லை. மேலேயிருந்தே கட்டையைப் போட்டாள். அது துள்ளி, கட்டத்தைத் தாண்டி ஓடி, தாயம் விழுந்து கிடந்தது.

“மேல இருந்து போட்டா செல்லாது புள்ள. நீ வெச்ச சட்டந்தானே?” என்றாள் தன்யஸ்ரீ பழக்கத்தில். சொன்னபின் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “சரி போ, உனக்கு மட்டும் செல்லும்.”

“ஒருத்திக்கு மட்டும்னா அதென்ன சட்டம்? எடுத்துக் குடு. எனக்கும் நீயே உருட்டு.”

தன்யஸ்ரீ கட்டையை எடுப்பதற்காக எழுந்தாள். எங்கும் பிடிக்கவில்லை, ஊன்றவில்லை. உட்கார்ந்தபடியிருந்து அப்படியே எழுந்து, நாலு எட்டு வைத்துக் கட்டையைப் பொறுக்கி, திரும்பி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அந்த இரண்டு முழங்கால்களும் எந்த மாதம் வெட்டியவை என்று வர்ஷிணிக்குத் தெரியும். அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல், காய்ச்சலோடு போய்த்தான் சந்தனம் வைத்தாள். பார்க்கப் பெருமையாக இருந்தது. வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

“என்ன புள்ள என்ற காலையே பாக்கற?”

“ஒண்ணுமில்ல. நல்லா மடங்குது.”

“நாளைக்குத்தான வேலைக்குப் போற? இன்னும் ஒரு மாசம் லீவு போட்டா என்ன, குடியா முழுகிடும்?”

“போகோணும்” என்றாள் வர்ஷிணி. கீழே உட்கார முடியாததால் இனிச் சந்தனத்தைச் சென்னியப்பன் இழைத்துக் கொடுப்பான். கண்ணாடி அறைக்குள் அவள் தனியாகப் போவாள். ஏழரைக்குள் இரண்டு பூச்சு வைக்க வேண்டும்.